வட்டமிட்ட இரண்டு மார்க்

2025 ஆகஸ்ட் எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். மேற்கே மேகம் கூடியிருந்தது, மழை இல்லை. ஆடிக் காற்று மூன்றாவது நாளாக அடித்துக்கொண்டிருந்தது. கொடியில் காய்ந்த பதினாலு துணியில் இரண்டைக் கொண்டுபோய்ப் பக்கத்துக் காட்டு வேலியில் மாட்டிவிட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு திரும்புகிறேன், பள்ளி வேன் வந்து நின்றது. எட்டு நிமிடம் தாமதம். பேத்தி இறங்கி வந்து, பையைக்கூடக் கழற்றாமல், அறிவியல் தேர்வுத் தாளை என்னிடம் நீட்டினாள்.

“அப்பாரு, சைன் போடோணும். அப்பா உங்களையே போடச் சொல்லிட்டாங்க.”

ஏழாம் வகுப்பு, முதல் இடைத்தேர்வு. ஐம்பதுக்கு முப்பத்தெட்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கூட்டிப் பார்ப்பது என் வழக்கம். முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் கணக்கெழுதும் வேலை செய்தவன் நான். ஓய்வு பெற்றுப் பதினேழு வருடம் ஆகிறது. படிக்கட்டில் ஏறினால் படியை எண்ணுவேன், மருந்துக் கடையில் மாத்திரையை எண்ணுவேன். தாளில் இருபத்தொரு இடத்தில் மதிப்பெண் போட்டிருந்தது. கூட்டினேன், நாற்பது. மேலிருந்து கீழே கூட்டினேன், நாற்பது. கீழிருந்து மேலே கூட்டினேன், அப்போதும் நாற்பது.

எங்கள் வீட்டைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எடப்பாடியிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம். வீட்டுச் சுவரை ஒட்டியே மகனின் விசைத்தறிக் கூடம். எட்டுத் தறி, காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ராத்திரி பத்து வரைக்கும் ஓடும். அந்தச் சத்தத்தில் மெதுவாகப் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அதனால் எங்கள் வீட்டில் உப்பு கேட்பதும் கத்தித்தான், துக்கம் சொல்வதும் கத்தித்தான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சண்டை நடக்கிறதோ என்று வாசலிலேயே தயங்கி நிற்பார்கள்.

“ரெண்டு மார்க்கு கொறையுது சாமி! உங்க மிஸ்ஸுக்குக் கூட்டத் தெரியாதா?” என்று நானும் கத்தித்தான் சொன்னேன்.

தறிக்கூடத்திலிருந்து மகன் எட்டிப் பார்த்தான். “என்னங்கப்பா?”

“நாப்பது வருது. முப்பத்தெட்டுன்னு போட்டு வெச்சுருக்குது. மூணு தடவ எண்ணிட்டேன்.”

“அதெப்படீங்க? வருசத்துக்கு இத்தன ஆயிரம் கட்டறம், கூட்டறதுக்குக் கூடவா ஆளு இல்ல?” என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தவன், தாளைப் பாயில் விரித்துப் படம் எடுத்தான். ஓரத்தில் நான் நீலப் பேனாவால் போட்ட கூட்டலும் படத்தில் தெரியும்படி எடுத்தான். பெற்றோர்கள் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு, நாற்பத்தொரு குடும்பம். அதில் போட்டுவிட்டான்.

ஆறரை மணிக்குள் இருபத்தேழு செய்தி வந்தது. மகன் ஒவ்வொன்றையும் எனக்குப் படித்துக் காட்டினான். ஒருவர், ‘இந்த மிஸ் வந்ததிலிருந்தே இப்படித்தான்’ என்று எழுதியிருந்தார். அவர் வந்தே இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இன்னொருவர், ‘கால்குலேட்டர் ஒன்று வாங்கிக் கொடுப்போமா, ஆளுக்குப் பத்து ரூபாய்’ என்று எழுத, அதற்குச் சிரிப்புப் பொம்மை பதினொன்று. ‘எண்ணிய பெரியவருக்கு வாழ்த்துக்கள்’ என்றும் ஒன்று இருந்தது. அதை இரண்டாவது தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். பேத்தி அறையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் அவிழ்த்தாள்.

திங்கட்கிழமை மகன் தாளோடு போய்ப் பள்ளி அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தான். இன்னும் ஒன்பது பேர் போன் செய்தார்களாம். அன்று மாலை தாள் திருத்தப்பட்டு வந்தது. முப்பத்தெட்டை அடித்து நாற்பது, பக்கத்தில் ஆசிரியையின் கையெழுத்து, தேதி. ‘கவனக்குறைவுக்கு வருந்துகிறோம்’ என்று பள்ளியிலிருந்து எல்லோருக்கும் குறுஞ்செய்தியும் வந்தது. இரண்டு நாள் கழித்து என் மருமகள் வேன் நிறுத்தத்தில் கேட்டுவந்த சேதியைச் சொன்னாள். அந்த மிஸ் ஜலகண்டாபுரத்துப் பெண், தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறது, இனி ஒரு புகார் வந்தாலும் காலாண்டோடு ஏழாம் வகுப்பை எடுத்துவிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுவிடுவார்கள், சம்பளமும் குறையும் என்று.

“தப்புப் பண்ணுனா அப்படித்தான்” என்றேன் நான். மீட்டரைத் தவறாக எழுதியதற்காக எனக்கும் ஒரு தடவை மெமோ கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு ஆகஸ்ட் இருபது, புதன்கிழமை. மாலை ஆறே கால் இருக்கும். பேத்தி அடுப்படியில் அவள் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். இதயப் படத்தை மறுபடி வரைந்துவரச் சொல்லியிருந்தார்கள் போல. தறிச் சத்தத்துக்கு மேலே பிள்ளை கத்திச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. எட்டுத் தறியும் ஒரே மூச்சில் நின்றன. அந்த அமைதியில் அவள் குரல் மட்டும் தனியாக வந்தது:

“அது கெடக்குது! அதுக்குக் கூட்டவே தெரியாது, அது என்னைய வரையச் சொல்லுதா?”

தறிக்கூடத்தில் நூல் சுற்றும் அம்மா, “அடேங்கப்பா, டீச்சருக்கே பாடம் எடுக்குது பாரு எங்க சாமி!” என்றது. ஓட்டுகிற இருவரும் சிரித்தார்கள். மகனும் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், ஆனால் வரவில்லை.

ஏனென்றால் ஜூன் மாதம் இதே பிள்ளை இதே ஆசிரியையைப் பற்றிப் பேசியது எனக்கு நினைவில் இருக்கிறது. மிஸ் சொன்னார்கள் என்று ஆவாரங்கொத்தும் எருக்கம்பூவும் பறித்துக்கொண்டு போவாள். மிஸ் சொன்னார்கள் என்று கையைக் கழுத்தில் வைத்து நாடியை எண்ணுவாள். என் நாடியையும் எண்ணினாள். எழுபத்தெட்டு. கணக்கு எனக்குப் பிடிக்கும் என்பதால் தினமும் எண்ணி ஒரு தாளில் எழுதிவைத்தாள். ஜூலை முழுக்க எழுதினாள். ஆகஸ்ட் எட்டாம் தேதிக்கு மேல் ஒரு நாளும் எண்ணவில்லை.

வீட்டுக்குள் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்தப் பேச்சு எந்த வழியாக வந்தது? இதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கோபமாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது. டிவியிலிருந்தா, கூடப் படிக்கிற பிள்ளைகளிடமிருந்தா, காலம் கெட்டுப்போய்விட்டது என்கிறார்களே அதிலிருந்தா? காலம் கெட்டுப்போனதை எண்ண முடியாது. பேச்சை எண்ணலாம்.

அடுத்த நாளிலிருந்து நாலு நாள், சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டை வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டில் அந்த ஆசிரியை பற்றிய பேச்சு எத்தனை தடவை வருகிறது, யார் வாயிலிருந்து வருகிறது என்று கோடு போட்டேன். மொத்தம் முப்பத்தொன்று. அதில் பேத்தி பேசியது ஆறு. மருமகள் ஐந்து. மகன் ஒன்பது. மீதிப் பதினொன்று நான். நானே பேசிவிட்டு நானே கோடு போட்டேன். சோற்றில் கல் கிடந்தால், “உங்க மிஸ்ஸு மாதிரியே எண்ணிப் போட்டுட்டாங்களா” என்றிருக்கிறேன். பால்காரர் சில்லறை குறைத்துக் கொடுத்தால், “ஏனுங்க, நீங்களும் அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்களா” என்றிருக்கிறேன். எல்லாம் பிள்ளை காதில் விழுகிற தூரத்தில். எங்கள் வீட்டில் விழாத தூரம் என்று ஒன்று கிடையாது.

என் அப்பாவை நினைத்துப் பார்த்தேன். பள்ளியில் நான் படித்த பதினொரு வருடத்தில் அவர் என் ஆசிரியர்களைப் பார்த்தது இரண்டே தடவை. ஆனால் வாத்தியார் பேச்சு வந்தால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். அந்தக் காலத்து மரியாதை என்று நானும் பல தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மையில்லை. ஒரு நாள் கரும்புக் காட்டில் நான் உள்ளே இருப்பது தெரியாமல் அப்பா அம்மாவிடம் சொன்னார்: “அந்த வாத்தி ஒரு தூங்குமூஞ்சி. பதினோரு மணிக்கு மேல பள்ளிக்கூடத்துல கொறட்டதான்.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று ராத்திரி சாப்பிடும்போது அதே அப்பா, “சார் என்னங்கண்ணு சொல்லிக் குடுத்தாங்க இன்னைக்கு?” என்று கேட்டார். அவருக்கு வாத்தியார் மேல் மரியாதை இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மரியாதை இல்லாத பேச்சை எங்கே வைத்துப் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்காக அரை கிலோமீட்டர் நடந்து கரும்புக் காட்டுக்குப் போனார். அது நேர்மையா, நடிப்பா? நடிப்பாகவே இருந்தாலும், அந்தத் தூங்குமூஞ்சி வாத்தியாரிடம்தான் நான் பின்னம் கற்றேன்.

ஆகஸ்ட் இருபத்தேழு, பிள்ளையார் சதுர்த்தி. தறி லீவு. வீடு ஒரே அமைதி. கொழுக்கட்டை தின்றுவிட்டு, அடுத்த தேர்வுக்கு என்ன பாடம் என்று பார்க்கலாம் என அறிவியல் நோட்டை எடுத்தேன். உள்ளே நாலாக மடித்த ஒரு தாள். இடைத்தேர்வின் வினாத்தாள். அதுவரை நான் பார்த்ததே இல்லை. மீட்டரில் என்ன இருக்கிறதோ அதை எழுது, வீட்டுக்காரர் சொல்கிற கதையைக் கேட்காதே என்பதுதான் எங்கள் வேலையில் பாடம். அதனால் விடைத்தாளில் இருந்த எண்களை மட்டும் கூட்டினேனே தவிர, கேள்வி என்ன என்று கேட்கவே இல்லை.

இரண்டு மதிப்பெண் கேள்விகள் ஏழு. அவற்றில் எவையேனும் ஐந்துக்கு மட்டும் விடை எழுதுக என்று தலைப்பில் போட்டிருந்தது. விடைத்தாளை எடுத்துவந்து பார்த்தேன். பேத்தி ஆறு எழுதியிருந்தாள். ஆறும் சரி. ஆசிரியை ஆறாவதையும் திருத்தி, இரண்டு போட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார். கணக்கில் சேராது என்பதற்கான வட்டம். அன்றைக்கே அதைப் பார்த்தேன். நன்றாக எழுதியிருக்கிறாள் என்று மெச்சிப் போட்ட வட்டம் என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்தெட்டுதான் சரி.

வட்டத்தை விட்டுவிட்டு மேலிருந்தும் கீழிருந்தும் மறுபடி கூட்டினேன், முப்பத்தெட்டு.

பேத்தியைக் கூப்பிட்டேன். தறி ஓடாததால் மெதுவாகவே கேட்க முடிந்தது.

“ஏஞ்சாமி, நீ ஒண்ணு கூடுதலா எழுதிட்டியா?”

தாளைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. “ஆமாங்க அப்பாரு.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“அன்னைக்கேங்க.”

“அப்பறம் ஏன் சாமி சொல்லல?”

“நீங்க மூணு தடவ எண்ணுனீங்க. நான் சொல்லலாம்னு வந்தேன், அப்பா போட்டோ எடுத்துட்டாங்க. எல்லாரும் உங்கள நல்லா எண்ணுனீங்கன்னு சொல்லிட்டாங்க. அப்பறம் எப்படிங்க சொல்றது?”

“மிஸ்ஸாவது கேக்கலியா?”

“திங்கக்கெழம தனியாக் கூப்புட்டாங்க. இது எக்ஸ்ட்ரா எழுதுனதுன்னு உனக்குத் தெரியுமில்லன்னாங்க. நான் ஒண்ணுமே சொல்லல. ஆபீஸ்ல மாத்திப் போடச் சொல்லிட்டாங்களாம். நாப்பதுன்னு போட்டுட்டாங்க.” தாளைத் திரும்ப நாலாக மடித்துவிட்டு, “அதுக்கப்பறம் மிஸ் மூஞ்சியப் பாத்தா எனக்குக் கோவம் கோவமா வருது” என்றாள்.

இது எனக்கு விளங்கவில்லை. தவறு செய்யாத ஒருவர் மேல் ஏன் கோபம் வர வேண்டும்? இரண்டு நாள் யோசித்தேன். மின்கட்டணம் கட்டாமல் விட்டவர்கள்தான் என்னைக் கண்டால் முதலில் சத்தம் போடுவார்கள் என்பது நினைவுக்கு வந்தது. ஆனாலும் அது வேறு, இது வேறு. பிள்ளை கட்ட வேண்டிய பாக்கி ஒன்றும் இல்லை. பாக்கி எங்களுடையது.

சதுர்த்தியன்று மாலையே மகனிடம் சொன்னேன். குழுவில் ஒரு வரி போடச் சொன்னேன்.

“விடுங்கப்பா. முடிஞ்சு போச்சு.”

“முடியல. அந்தம்மாவ மாத்தப் போறாங்க.”

“எங்கப்பா தப்பா எண்ணிட்டாருன்னு நாப்பது பேருக்குப் போடச் சொல்றீங்களா? நாளைக்கு நூல் வாங்கப் போனா, ‘வாங்க, எடை போட்டுக்கலாம், உங்கப்பா வரலியா’ம்பானுக.”

கேட்டுக்கொண்டிருந்த மருமகள், “மாமா போடச் சொல்றது உங்க போன்ல, சொல்றது அவர் தப்ப. உங்களுக்கு என்ன கொறையுது?” என்றாள். மகன் எழுந்து தறிக்கூடத்துக்குப் போய்விட்டான். லீவு நாளில் அங்கே என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை, ஆகஸ்ட் முப்பது, பெற்றோர் கூட்டம். அதற்கு முந்தின நாள் எடப்பாடி போய் மூன்று தாளை நகல் எடுத்தேன். வினாத்தாள் ஒன்று, விடைத்தாளில் அந்தப் பக்கம் ஒன்று, என் கைப்பட எழுதிய அரைப் பக்கக் கடிதம் ஒன்று. நாற்பத்தொரு குடும்பத்துக்கு நாற்பத்தொரு கட்டு. கடைக்காரப் பெண், “கல்யாணப் பத்திரிகைங்களா?” என்றது. இல்லை, என் தப்பு என்றேன். அதற்குப் புரியவில்லை. குண்டூசி வேண்டுமா என்று கேட்டது.

கூட்டத்துக்கு நானும் மருமகளும் பேத்தியும் போனோம். ஏழாம் வகுப்புப் பெஞ்சுகளில் அம்மா அப்பாக்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். இருபத்தொன்பது குடும்பம் வந்திருந்தது. நான் ஒவ்வொரு பெஞ்சாகக் கட்டைக் கொடுத்துக்கொண்டு போனேன்.

“என்னுங்க பெரியவரே, எந்தக் கட்சி?” என்றார் ஒரு லாரிக்காரர்.

ஆசிரியை வந்தார். முதல் தடவையாகப் பார்க்கிறேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கையில் நாற்பத்தொரு பிள்ளைகளின் ரேங்க் கார்டு, பயந்துகொண்டே பிடித்த மாதிரி பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் இன்னும் ஒரு புகார் என்றுதான் நினைத்திருக்க வேண்டும். மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

நான் எழுந்தேன். தறி இல்லாத இடம் என்பதை மறந்து கத்தியேதான் பேசினேன்.

“நான்தானுங்க அந்த எண்ணுன ஆளு. கூட்டுனது சரி. கூட்டக் கூடாதத கூட்டிட்டேன். அஞ்சு எழுதச் சொன்ன எடத்துல எங்க புள்ள ஆறு எழுதிருச்சு. முப்பத்தெட்டுதான் சரிங்க. மிஸ் தப்பு ஒண்ணுமில்ல. வீட்டுல இந்தப் புள்ள முன்னால அவங்கள நான் பதினோரு தடவ எளப்பமாப் பேசியிருக்கறேன். அதுவும் என் தப்புதான்.”

பெஞ்சு பெஞ்சாகத் தாளைப் புரட்டினார்கள். பிறகு பின் பெஞ்சில் ஒரு அம்மா, “அப்ப எங்க பையனுக்கும் அதே மாதிரி சேத்துக் குடுத்தாங்களே ரெண்டு மார்க்கு, அதையும் புடுங்கிக்குவாங்களா?” என்றது. இன்னும் மூன்று பேர் தங்கள் பிள்ளையின் தாளைத் தேட ஆரம்பித்தார்கள். என் படத்தைப் பார்த்துவிட்டு அவர்களும் போய்ச் சண்டை போட்டு வாங்கியிருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. நான் ஒரு வீட்டில்தான் மீட்டரைத் தவறாக எழுதினேன் என்று நினைத்திருந்தேன்.

“பெரியவரே, நல்லாத்தான போயிட்டு இருந்துச்சு?” என்றார் லாரிக்காரர்.

அப்போதுதான் பேத்தி எழுந்தாள். “மிஸ், எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றாள். அவளும் கத்தித்தான் சொன்னாள், எங்கள் வீட்டுப் பிள்ளைதானே.

ஆசிரியை அவளைப் பார்த்தார். “தெரியும். உக்காரு” என்றார். கோபமும் இல்லை, பாசமும் இல்லை. அதற்குப் பிறகு மேசைக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தார். எங்கள் தாளை வாங்கி நாற்பதை அடித்து முப்பத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பின் பெஞ்சைப் பார்த்து, “மத்தவங்க வீட்டுல போய் எண்ணிப் பாத்துட்டு, நீங்களே கொண்டாந்து குடுங்க. நானா வாங்க மாட்டேனுங்க” என்றார். பிறகு ரேங்க் கார்டை எடுத்து வரிசையாகப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார்.

அலுவலகத்தில் ஒரு கட்டைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அங்கிருந்தவர் என் மகன் வந்து சொன்னால்தான் செல்லும் என்றார். புகார் கொடுத்தது அவர்தானே என்றார். அதைக் கேட்டுக்கொண்டு வந்து மகனிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை நூல் வாங்கப் போனவன் பள்ளி வழியாகத் திரும்பி, அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். மருமகள் சொல்லித்தான் தெரியும்.

காலாண்டு முடிந்து பள்ளி திறந்தது. ஏழாம் வகுப்புக்கு அதே மிஸ்தான் வருகிறார். மற்றவர்களில் ஒரு வீடுதான் இதுவரை இரண்டு மார்க்கைத் திருப்பிக் கொடுத்ததாம். பேத்தி மிஸ்ஸைப் பற்றி வீட்டில் இப்போது அதிகம் பேசுவதில்லை. பேசாமலிருப்பது மரியாதையா, வெட்கமா, வேறு ஏதாவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது. நாங்கள் பெரியவர்கள் மூன்று பேரும் அந்தப் பெண்ணைக் குறை சொல்ல வேண்டுமென்றால் பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு சொல்லிக்கொள்வது என்று பேசி வைத்திருக்கிறோம். இதுவரை யாருக்கும் குறை அகப்படவில்லை.

நகல் நூற்று இருபத்து மூன்று பக்கம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் இருநூற்று நாற்பத்தாறு. குண்டூசி ஒரு டப்பா பதினைந்து. முந்தின நாள் எடப்பாடிக்குப் போகவர பஸ் இருபது, கூட்டத்தன்று இன்னொரு இருபது. ஆக மொத்தம் முந்நூற்று ஒரு ரூபாய்.